பின்னறை வழக்கும் சீல் வைத்த கைபேசியும்

இனிமேல் வீட்டில் யோசித்துத்தான் பேசுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். முடிந்தால் பேசவே மாட்டேன். ஷேவ் செய்யும்போது மூச்சுகூட விடமாட்டேன்.

இந்த ஞானம் எனக்குத் தாமதமாக வந்தது. எவ்வளவு தாமதம் என்பதை நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஒரு வக்கீல். எல்லா வழக்கையும் தொடுகிற வக்கீல் இல்லை. கைபேசி, கணினி, கண்காணிப்புக் கேமரா இவற்றிலிருந்து போலீஸார் திரட்டி வரும் சாட்சியங்களை உடைத்துத் தூளாக்குவது மட்டும்தான் என் தொழில். ஒரு கடையின் கேமராவில் ஓர் ஆள் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போவது பளிச்சென்று தெரியும். முகம் தெரியும். சட்டைக் காலரின் கிழிசல் தெரியும். போகிற போக்கில் கேமராவைப் பார்த்துச் சிரித்தும் இருப்பார். அவர்தான் என் கட்சிக்காரர். நான் எழுந்து மெதுவாகக் கேட்பேன். இந்தப் படத்தை நகல் எடுத்தது யார்? எதில் எடுத்தார்? அசல் எங்கே? கருவியை அங்கேயே சீல் வைத்தீர்களா? அதன்பிறகு அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? நகலோடு வரவேண்டிய சான்றிதழ் எங்கே? இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைத் தேடுவார். படம் குப்பைக்குப் போகும். கட்சிக்காரர் வீட்டுக்குப் போவார்.

நீதிமன்றத்தில் நான் எழுந்தால் எதிர்த்தரப்பு உட்காரும். வீட்டில் நான் உட்கார்ந்தால், “அந்த நாற்காலி வேணும், எந்திரிங்க” என்பார்கள். என்பார்கள் என்ன, என்பாள். என் மனைவி ஒருத்திதான். அவளே போதும்.

அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. தண்ணீர் வரவில்லை என்று தொலைபேசியில் கத்துகிறவர்களை நாள் முழுக்க “சரிங்க சார்” என்று சொல்லியே அடக்குகிறவள். கத்துகிறவர் கடைசியில் களைத்துப்போய், தெருவிலுள்ள குழாயைத் தான்தான் மிதித்து உடைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, நன்றி கூறி வைத்துவிடுவார். இதை அவள் ஒரு பெருமையாகக்கூடச் சொன்னதில்லை. நானும் கவனித்ததில்லை.

அன்று காலை அவள் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையணை உறையை நான்காக மடித்தபடி, தலையை நிமிர்த்தாமலே என் தலையில் கல்லைப் போட்டாள்.

“வர்ற திங்கக்கிழமை அண்ணன் வர்றார். பின்னறையை ஒழிச்சுக் கொடுத்துடுங்க.”

“எந்த அண்ணன்?”

“எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்.”

“வந்து?”

“வந்து இருப்பார்.”

“எவ்வளவு நாள்?”

“அதான் சொல்றேனே. இருப்பார்.”

இந்த இடத்தில் பின்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய அறை இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் தெரியும். ஒரு அலமாரி நிறைய வழக்குக் கட்டுகள். ஒரு கை ஆடும் நாற்காலி. அதில் சாய்ந்தால் முதுகு என்னிடம் நன்றி சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. குளியலறையை விட்டால் இந்த வீட்டில் நான் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளக் கூடிய ஒரே இடம் அதுதான். மாலையில் அங்கே போய் உட்கார்ந்து, வழக்குக்காகப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்யாமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஒன்றுமில்லாத நேரத்துக்காகத்தான் மீதி நேரமெல்லாம் வாழ்கிறேன்.

மைத்துனரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். பள்ளிக்கூடம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் விசிலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. விடியற்காலையில் ஊதுவார். ஊதியதும் யாராவது வரிசையில் நிற்க வேண்டும். அவர் வீட்டில் இப்போது அப்படி நிற்க யாருமில்லை. மனைவி மேலே போய்விட்டார். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள்.

“பின்னறைய கொடுக்கறேன்னு யார் சொன்னது?” என்றேன்.

“நீங்கதான்.”

“நானா? எப்போ?”

“போன மாசம். ஷேவ் பண்ணும்போது. அண்ணன் இங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க.”

உங்களிடம் மறைப்பானேன், ஏதோ சொன்னேன். முகமெல்லாம் நுரை. பிளேடு தொண்டைக்குழியில் நின்றுகொண்டிருந்தது. அந்த நிலைமையில் இருக்கும் மனிதனிடம் எதைக் கேட்டாலும் தலையை ஆட்ட முடியாது. அதனால் “வரட்டும், பாத்துக்கலாம்” என்றேன். அது சம்மதமா? அது கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஆனால் சொன்னேனா என்பது வேறு, சொன்னேன் என்று நிரூபிக்க முடியுமா என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது.

எனவே தொழில்முறைக் குரலில் சொன்னேன்: “நான் சொல்லவே இல்லை. சாட்சி இருக்கா?”

அவள் நிமிர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பக்கத்தில் கிடந்த தன் கைபேசியை எடுத்து, மடித்த துணிகளின்மேல் வைத்தாள். அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இத்தனை காலம் கிடந்து உழன்றவனுக்கு இதுகூடப் புரியாதா?

“பதிவு பண்ணிட்டே!” என்று அலறினேன்.

“மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.”

“கட்டின புருஷன் பேசறதப் பதிவு பண்ணிட்டே! அதுவும் ஷேவ் பண்ணும்போது!”

“இந்தத் துண்டோட அந்த முனையைப் பிடிங்க.”

பிடித்தேன். பிடித்துக்கொண்டே திட்டம் தீட்டினேன். ஊரார் குரலையெல்லாம் குப்பைக்கு அனுப்புகிறவன் நான். என் குரலை அனுப்ப முடியாதா?

“அது செல்லாது,” என்றேன். “அந்தப் போன் இப்போ சாட்சியப் பொருள். அது உன் கையில இருந்தா நீ வெட்டலாம், ஒட்டலாம், வேணும்ங்கற எடத்துல ‘சரி’யச் சொருகலாம். அதை உடனே சீல் வைக்கணும். மூணாவது மனுஷர் முன்னாடி விசாரணை நடக்கணும். அதுவரைக்கும் அறை விஷயம் நிறுத்தி வைக்கப்படுது.”

அவள் கத்துவாள், போனைத் தரமாட்டாள், அதையே தடயத்தை மறைத்ததாகச் சொல்லி வழக்கை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

“சரிங்க,” என்றாள்.

அந்தச் ‘சரிங்க’விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாவது மனிதர் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தார். நீதிபதிகளின் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து காலமெல்லாம் வழக்குக் கட்டு புரட்டி ஓய்வு பெற்ற எழுத்தர். எங்கள் கட்டடத்தில் அவரை ‘பெஞ்சு சார்’ என்றுதான் கூப்பிடுவோம். கீழேயே உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒருமுறையாவது மேலே உட்கார ஆசை இருக்காதா? விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சீல் வைக்கும் சடங்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. கைபேசியை அணைத்தேன். சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்துவந்து சுற்றினேன்.

“எதுக்கு வக்கீல் சார் இது? சூடா இருக்கணும்னா?” என்றார் பெஞ்சு சார்.

“வெளியிலிருந்து சிக்னல் உள்ள போகக் கூடாது சார். தூரத்துல உக்காந்துக்கிட்டே உள்ள இருக்கறத அழிக்கலாம், மாத்தலாம். தடய ஆய்வுக்கூடத்துல இதுக்குன்னே பை வெச்சிருக்காங்க. வீட்டுல இதுதான்.”

“அடேங்கப்பா! அம்மா, கேட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேன் சார். அந்தத் தாள் இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. பாத்துச் சுத்தச் சொல்லுங்க.”

சுற்றியதை உறையில் போட்டேன். ஒட்டினேன். மூன்று பேரும் ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டோம். உறை பெஞ்சு சார் வீட்டுப் பீரோவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை விசாரணை. ஒரு குறையும் இல்லை. போலீஸார் ஒருவர்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. செய்திருந்தால் நான் பிச்சைதான் எடுத்திருப்பேன்.

கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். என் மனைவி என் சட்டைப் பையிலிருந்து என் கைபேசியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“என் போன் பீரோவுல இருக்கு. ஆபீஸ்ல கூப்பிடுவாங்க, அண்ணன் கூப்பிடுவார். நான் எதுல பேசறது?”

“அது என் தொழில் போன்!”

“அப்போ சீலைப் பிரிச்சுடலாமா?”

பிரிக்க முடியாது. பிரித்தால் சாட்சியம் கெட்டுவிடும். கெட்டதற்குக் காரணம் நானாகிவிடுவேன். கொடுத்தேன்.

உறை பீரோவில் இருந்த அந்த நாட்களை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் குளித்துவிட்டு வருவேன். அவள் இட்லித் தட்டோ எதுவோ கழுவிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் என் போனை இடுக்கிக்கொண்டு என் கட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

“வக்கீல் குளிக்கறார். சொல்லுங்க... ஓ, அந்தக் கம்ப்யூட்டர் விஷயமா?... சரிங்க... சரிங்க... அப்போ முதலாளியோட கணக்குல நீங்கதான் பூந்தீங்க... சரிங்க... மனசு உறுத்துதா? உறுத்தத்தானே செய்யும். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்களேன்.”

அந்த மனிதர் போய்க் கேட்டுவிட்டார். முதலாளி அழுதாராம். இவரும் அழுதாராம். வழக்கு வாபஸ். நான் ராத்திரி பகல் பாராமல் எழுதி வைத்திருந்த குறுக்குக் கேள்விகளுக்கு அழக்கூட ஆளில்லை.

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை என் காதில் வைத்தாள். மைத்துனர்.

“மாப்பிள்ளை! அந்த ரூம்ல சுவத்துல ஆணி அடிக்கலாமா? என் விசில் மாட்டணும்.”

வாயைத் திறந்தால் அது ஒப்புதல் ஆகிவிடும். “அங்க மழையா மச்சான்?” என்றேன்.

“மழையெல்லாம் இல்ல. சொல்லக் கூடாதுன்னு பாத்தேன், மாப்பிள்ளை. போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல. எந்திரிக்க முடியல, அவ்வளவுதான். பால்காரர் வர்ற வரைக்கும் அப்படியே கெடந்தேன். விசில் கைல இருந்தா ஊதியிருப்பேன். அது ஹால்ல ஆணியில தொங்குது.” அவரே சிரித்தார். “இப்போ அவ சொன்னா, நீங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டீங்கன்னு. உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணுமில்லையே?”

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. என் மனைவி எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஆனால் அந்த முதுகு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அங்க... வெயில் எப்படி மச்சான்?” என்றேன்.

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கொஞ்சம் பலமாக.

அன்று மாலை பின்னறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயைப் பார்த்தேன். சுகமாக இல்லை. எந்த இடத்தில் விசில் தொங்கும் என்று சுவரில் கண் தேடியது. தோற்றுவிடுவேனோ என்ற பயம் ஒருபக்கம். ஜெயித்துவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். வக்கீலுக்கு இரண்டாவது நினைப்பு வரக் கூடாது. வந்தால் தொழில் போய்விடும். கஷ்டப்பட்டு அதை விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு சார் உறையோடு வந்தார். எங்கள் வீட்டிலேயே உயரமான நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். என் மனைவி எதிரில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் நின்றேன். பழக்கம்.

“ஆரம்பிக்கலாம்,” என்றார் பெஞ்சு சார். அந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே பிறந்தவர்போல.

“முதல் ஆட்சேபணை. என் அனுமதி இல்லாம என் குரல் எடுக்கப்பட்டிருக்கு. இது என் அந்தரங்க உரிமையைப் பறிக்கறது.”

“கதவைத் திறந்து போட்டுக்கிட்டுத்தானே ஷேவ் பண்றீங்க?” என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி.

“குறுக்க பேசக் கூடாதும்மா,” என்றார் பெஞ்சு சார். “வக்கீல் சார் சொல்றது சரிதான்.”

“சரிங்க சார்.”

“இரண்டாவது. சீல் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அந்தப் போன் எதிர்த்தரப்பு கையிலயே இருந்திருக்கு. பஸ்ல போயிருக்கு, ஆபீஸ் போயிருக்கு, காய்கறிப் பையில கெடந்திருக்கு. அந்த ஒரு மாசத்துல அதைத் தொட்டது யார் யார்?”

“ஏற்றுக்கொள்ளப்பட்டது.”

“சரிங்க சார்.”

“மூணாவது. ஒரு பதிவை எடுத்த உடனே அதுக்கு ஒரு எண் எடுத்து வெக்கணும். கைரேகை மாதிரி. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிடும். அந்த எண் இருக்கா? இல்லை. நாலாவது, கருவி ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு பொறுப்பானவங்க கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கா? இல்லை. அஞ்சாவது, அது என் குரல்தான்னு என்ன உத்தரவாதம்? வாயெல்லாம் நுரை. நுரைக்குள்ளயிருந்து யார் பேசினாலும் ஒரே குரல்தான்!”

“ஆகா!” என்றார் பெஞ்சு சார். நீதிபதி ஆகா என்று சொல்லக் கூடாது. ஆனாலும் எனக்கு இனித்தது. நீதிமன்றத்திலேயே நான் இப்படிப் பேசியதில்லை. என் மனைவி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘சரிங்க’. ஒவ்வொரு ‘சரிங்க’வுக்கும் நான் ஒரு விரற்கடை உயர்ந்தேன்.

“ஆக, இந்தப் போனையும் அதில் இருக்கறதையும் சாட்சியமா ஏத்துக்க முடியாது,” என்று பெஞ்சு சார் உறையை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். “அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது சார். போனை ஓரமாவே வெச்சுடுங்க. எனக்கு மனசுதான் ஆறல. அன்னிக்கு அவ்வளவு ஆசையாச் சொன்னாரு. ‘தாராளமா வரட்டும்மா, இது உன் அண்ணன் வீடு மாதிரி. நான் ஹால்ல படுத்துக்கறேன். என் நாற்காலியையும் அவருக்கே குடுத்துடறேன்’னாரு. கண்ணுல தண்ணிகூட வந்துச்சு. இப்போ ஒண்ணுமே சொல்லலைங்கறாரு.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நாற்காலியா? என் நாற்காலியா? எவ்வளவு பெரிய புளுகு! தவறான மேற்கோளைக் காதில் கேட்டால் திருத்தாமல் விடுகிற வக்கீல் உலகத்தில் உண்டா?

“பொய்!” என்று மேஜையை ஓங்கி அடித்தேன். “அப்பட்டமான பொய்! ஹால்ல படுக்கறேன்னு சொல்லல! நாற்காலின்னு சொல்லவே இல்ல! கண்ணுல வந்தது சோப்பு! ‘வரட்டும், பாத்துக்கலாம்’னு மட்டும்தான் சொன்னேன்!”

பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது இங்கே வரை கேட்டது.

பெஞ்சு சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. தான் ஆதரிக்கிற அணி கடைசிப் பந்தில் தோற்கும்போது வருகிற வருத்தம்.

“வக்கீல் சார்,” என்றார் மெதுவாக. “ஒருத்தர் தன் வாயால ஒத்துக்கிட்டதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கல்லூரியில் முதல் வருடம் படித்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கினேன்.

“‘பாத்துக்கலாம்’னும் சொன்னேன் சார். அதுக்கு அர்த்தம்...”

“நல்லாப் பாத்துக்கலாம்னுதான் அர்த்தம். பின்னறை மைத்துனருக்கு.” எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பி, “அருமையான வாதம் சார்” என்றார். தோற்றவனுக்கு அதைவிடக் கொடுமையாக ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் போனதும் இரண்டு பேரும் பின்னறைக்குப் போனோம். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வழக்குக் கட்டுகளை இறக்க ஆரம்பித்தாள். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோற்றதுதான் தோற்றேன், என் குரலையாவது ஒருமுறை கேட்டுவிடலாம். அந்த ‘பாத்துக்கலாம்’ எவ்வளவு வெறுப்போடு சொல்லப்பட்டது என்பதை அவளுக்குக் காட்டலாம். சீலை நானே பிரித்தேன். அலுமினியத் தாளை உரித்தேன். கைபேசியை உயிர்ப்பித்துத் தேடினேன். பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வேறு இடத்தில் பார்த்தேன். அங்கே அவள் அலுவலகத் தண்ணீர்க் குழாய்களின் படங்கள் இருந்தன. மறுபடி முதலிலிருந்து தேடினேன்.

“பதிவு எங்கே?”

“எந்தப் பதிவுங்க?”

“நான் ஷேவ் பண்ணும்போது நீ எடுத்தது!”

“நான் எப்போ எடுத்தேன்?”

“எடுக்கலையா? அப்போ அஞ்சு ஆட்சேபணை சொன்னேனே! யார் எடுத்தது, எப்படி எடுத்தது, எங்க வெச்சது, எல்லாம் கேட்டேனே!”

அவள் வெறுமையான அலமாரியின் ஒரு மூலையைப் பிடித்துக் குனிந்தாள்.

“எல்லாம் கேட்டீங்க. இருக்கான்னு மட்டும் கேக்கல. அந்தப் பக்கம் பிடிங்க, தூக்கலாம்.”